வாசகர் கேள்வி – பதில்: போர்முனையும் பட்டாளத்து அன்றாடமும்

முன்னாள் படைவீரர்களின் நினைவுகளைக் கேட்பதும் பதிவு செய்வதும் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்தவற்றில் பல ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தமையால், அவற்றைச் சேர்த்து இங்கே பதிலளிக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் தாத்தா இரண்டு போர்களில் பங்கேற்றவர். ஆனால் எப்போது கேட்டாலும் குளிர், ஈரக் காலுறை, ரத்தாகிப்போன விடுப்பு, கண்டிப்பான ஓர் அதிகாரி ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறார். சண்டையைப் பற்றி இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்வதில்லை. முக்கியமானதை எங்களிடம் மறைக்கிறாரா?

மறைக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தம்முடைய பணிக்காலம் எப்படிக் கழிந்ததோ அந்த அளவிலேயே அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பரணி கேட்டுப் பழகிய நம் காதுகள்தாம் யானையும் குருதியும் எப்போது வரும் என்று காத்திருக்கின்றன.

பிரான்சிலும் பெல்ஜியத்திலுமாக நீண்டிருந்த, முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்த வீரன் நான்கு ஆண்டுகளும் எதிரியைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தான் என்பது பிற்காலத்தில் நம் மனத்தில் பதிந்துவிட்ட சித்திரம். உண்மையில் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன், அதாவது பல நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவு, சில நாட்கள் முன்வரிசை அகழியிலும், சில நாட்கள் அதற்குப் பின்னாலிருந்த துணை வரிசையிலும், பிறகு தேவைப்பட்டால் அழைக்கப்படும் ரிசர்விலும், அதன்பின் ஓய்விலுமாக மாறி மாறி அனுப்பப்பட்டது. முன்வரிசையில் கழிந்த நாட்களிலும் பெரும்பகுதி வேலையே. தாக்குதல் நடக்க வாய்ப்பு மிகுந்த நேரங்கள் என்பதால் விடியலிலும் அந்தியிலும் எல்லோரும் ஆயுதத்துடன் தயார்நிலையில் நிற்க வேண்டும். 'ஸ்டாண்ட்-டு' என்னும் இந்த வழக்கம் பல படைகளில் இன்றும் உண்டு. அது முடிந்ததும் துப்பாக்கியைத் துடைத்து அதிகாரியிடம் காட்டுவது, சரிந்த மண்ணை அள்ளி மணல் மூட்டைகளை அடுக்குவது, முறை வைத்துத் தூங்குவது, இருட்டிய பிறகு முள்கம்பி வேலியைச் சரிசெய்வது, பின்னாலிருந்து ரேஷனையும் தண்ணீரையும் தோட்டாக்களையும் சுமந்து வருவது என்று அடுத்த விடியல்வரை ஓடும். இடையில் கிடைக்கும் நேரத்தில் சட்டையின் தையல் மடிப்புகளில் மெழுகுவத்திச் சுடரை ஓட்டிப் பேன் முட்டைகளைப் பொசுக்குவார்கள்.

ஈரக் காலுறையை உங்கள் தாத்தா திரும்பத் திரும்பச் சொல்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1914–15ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சேற்றுத் தண்ணீரில் நின்று நின்றே ஆயிரக்கணக்கானோரின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கின. பலருக்கு விரல்களையும் சிலருக்குப் பாதத்தையுமே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் காலுறையை நாள்தோறும் மாற்ற வேண்டும், பாதத்தில் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும், ஒவ்வொருவர் பாதத்தையும் அதிகாரி நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆணைகள் வந்தன. எனவே காலுறையைப் பற்றிப் பேசுகிறவர் தம் காலைக் காப்பாற்றிக்கொண்ட கதையைத்தான் பேசுகிறார்.

இதைச் சொல்லும்போது மால் சிங் என்ற பஞ்சாபிய வீரரின் குரல் நினைவுக்கு வருகிறது. ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் இருந்த 'பிறைநிலா முகாமில்' அடைக்கப்பட்டிருந்தவர் அவர். கைதிகளின் மொழிகளை ஆராய வந்த அறிஞர்கள் 1916 டிசம்பரில் அவரை ஒலிப்பதிவுக் கருவியின் முன் நிறுத்தினார்கள். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு மனிதன் இருந்தான், ஹிந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று பால் குடித்து வாழ்ந்தான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனி அவனைப் பிடித்துவிட்டது, அவன் திரும்பிப் போக விரும்புகிறான். சண்டையைப் பற்றிய வருணனை அதில் இல்லை; 'நான்' என்றும் அவர் சொல்லவில்லை. பேசுவது ஆராய்ச்சியாளருக்காகவும் காவலருக்காகவும் என்றபோதிலும், தமக்கு எது இழப்போ அதையே அவர் சொன்னார். உங்கள் தாத்தாவும் சில சமயம் 'எங்கள் கம்பெனியில் ஒருத்தன் இருந்தான்' என்று தொடங்கக்கூடும். அந்த ஒருத்தன் யார் என்று குறுக்கே கேட்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

சண்டையைப் பற்றி இரண்டு வாக்கியங்களே வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சண்டையில் ஒரு சிப்பாய்க்குத் தெரிவது மிகக் குறைவு. புகை, இரைச்சல், முன்னால் ஓடுகிறவனின் முதுகு, படுத்திருக்கும் இடத்து மண் ஆகியவற்றுக்கு அப்பால் அவன் பார்த்தது அதிகம் இராது. எந்தக் குன்றை யார் பிடித்தார்கள் என்பதை அவனே பிறகு பிறர் சொல்லித்தான் அறிகிறான். பார்த்ததை மட்டும் சொல்கிற நேர்மையுள்ளவரிடம் இரண்டு வாக்கியங்களே இருக்கும்.

என் அப்பா ஒரே சம்பவத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார். ஒருமுறை காலை என்கிறார், மறுமுறை மாலை என்கிறார். அண்மையில் புத்தகத்தில் பார்த்தால் தேதியும் பொருந்தவில்லை. அவர் சொல்வதை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எதற்காக அவரை நம்புவது, எதற்காக ஆவணத்தை நாடுவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய 59 அமெரிக்கப் படையினரிடம், அவர்கள் திரும்பிய ஒரு மாதத்திலும் இரண்டு ஆண்டுகள் கழித்தும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 1997இல் வெளியாயின. இன்னது நேர்ந்தது, இன்னது நேரவில்லை என்று முதலில் சொன்னதில் ஒன்றையாவது இரண்டாம் முறை மாற்றிச் சொன்னவர்கள் 88 விழுக்காட்டினர். அவர்கள் யாரையும் ஏமாற்ற முயலவில்லை. நடந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரும் முதியவரும் அல்லர். மன உளைச்சலின் அறிகுறிகள் மிகுதியாக இருந்தவர்களிடம், முதலில் 'இல்லை' என்றதைப் பிறகு 'ஆம்' என்று சொல்லும் போக்கும் மிகுதியாகக் காணப்பட்டது. அப்படியிருக்க, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளின் காலையும் மாலையும் உங்கள் அப்பாவுக்கு இடம் மாறிப்போவதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

பிறர் சொன்னதும் திரையில் பார்த்ததும் ஒருவர் நினைவுக்குள் கலந்துவிடுவதும் உண்டு. முதல் உலகப் போரில் துருக்கியின் கல்லிப்போலியில் சண்டையிட்ட ஆஸ்திரேலிய முதியவர்களை 1980களில் நேர்கண்டவர்கள், அப்போது திரைக்கு வந்திருந்த ஒரு படத்தின் காட்சிகள் சிலருடைய சொந்த நினைவுகளோடு பின்னிக்கிடந்ததைக் கவனித்திருக்கிறார்கள். படையில் இது இன்னும் எளிதாக நடக்கும். ஏனென்றால், ஒரே பிளட்டூனை, அதாவது ஒரே சிறு படைக்குழுவைச், சேர்ந்தவர்கள் ஒரே சம்பவத்தைப் பல இரவுகள் கூடிப் பேசிப் பேசி, யார் கண்ணால் கண்டது, யார் காதால் கேட்டது என்ற எல்லையையே அழித்துவிடுகிறார்கள்.

தேதிக்கும் இடத்துக்கும் ஆவணத்திடம் போங்கள். பெரும்பாலான படைகளில் ஒவ்வொரு பட்டாலியனும் போர்க்காலத்தில் நாட்குறிப்பு எழுதியிருக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் எழுதியவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்வைக்குக் கிடைக்கின்றன. அந்த நாட்குறிப்பைப் படித்துப் பார்த்தால் உங்கள் அப்பாவின் மதிப்பு உங்களுக்கே புரியும். 'எதிரியின் பீரங்கிச் சூடு, மூவர் காயம், வானிலை மோசம்' என்பது போல ஒரு நாளை ஒற்றை வரியில் முடித்திருப்பார்கள். அந்தக் காயப்பட்ட மூவரில் ஒருவரை முதுகில் தூக்கிக்கொண்டு போகும்போது பாதை எவ்வளவு வழுக்கிற்று என்பதை அந்த வரி சொல்லாது. அதை அறிந்தவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே தவறான தேதியை அவர் பேசும்போதே திருத்தாதீர்கள். அவர் சொன்னபடி எழுதிக்கொண்டு, ஆவணம் சொல்வதை அடைப்புக்குள் தனியே குறியுங்கள்.

போரில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கலாமா? பையன்களுக்கு அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

கேட்காதீர்கள். பலருக்கு அந்த எண்ணே தெரியாது. தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல விருப்பம் இராது. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையை நம்பவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் சண்டைக்குள் இருந்த காலாட்படையினரில் நூற்றுக்கு 15 முதல் 25 பேர்வரையே துப்பாக்கியைப் பயன்படுத்தினார்கள் என்று எஸ். எல். ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கப் படை வரலாற்றாளர் 1947இல் எழுதினார். அது உலகெங்கும் மேற்கோளானது. 1980களின் இறுதியில் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்களுக்கு அந்த விகிதத்துக்கு அடிப்படையான கணக்கெடுப்பு எதுவும் அவற்றில் கிடைக்கவில்லை. தொழிலாகவே இதைக் கேட்டுத் திரிந்தவரின் எண்ணே இந்தக் கதியானால், சாப்பாட்டு நேரத்தில் பையன்கள் கேட்டுப் பெறும் எண்ணுக்கு என்ன பொருள் இருக்கும்?

என் பெரியப்பா முன்பு எதையும் பேசமாட்டார். சென்ற ஆண்டு நான் வற்புறுத்தியதால் ஒருநாள் நீண்ட நேரம் பேசினார். அன்றிரவும் அதற்கடுத்த சில இரவுகளும் அவர் தூங்கவில்லை என்று பெரியம்மா வருந்தினார். இனிக் கேட்பதா, விடுவதா?

வற்புறுத்துவதை விட்டுவிடுங்கள், அருகில் இருப்பதை விடவேண்டாம்.

ஹாரி பேட்ச் என்ற ஆங்கிலேயர் 1917இல் பெல்ஜியத்தில் நடந்த பாஷண்டேல் சண்டையில் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தவர். அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள், அவர்களுக்கு மேலே வெடித்த ஒரு குண்டு அவருடைய குழுவைச் சேர்ந்த மூன்று நண்பர்களைக் கொன்றது, அவரும் காயமுற்றார். 1998இல் நூறு வயதாகும்வரை அவர் போரைப் பற்றி வெளியே பேசவில்லை. நாடே நினைவு நாளாகக் கடைப்பிடிக்கும் நவம்பர் 11ஐ விட, அந்தச் செப்டம்பர் 22ஐயே தமக்குரிய நினைவு நாளாகக் கொண்டிருந்தார். மேற்குப் போர்முனையின் அகழிகளில் சண்டையிட்டவர்களில் எஞ்சியிருந்த கடைசி மனிதராக, 111 வயதில் 2009 ஜூலையில் அவர் மறைந்தார். அவர் பேச முன்வந்த நேரத்தைத் தேர்ந்தவர் அவரேதான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்ததை 'பலவீனம்' என்று வீட்டில் யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். குண்டதிர்ச்சி என்று பொருள்படும் 'ஷெல் ஷாக்' என்ற பெயர் 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவரின் கட்டுரை வழியாக மருத்துவ இதழில் இடம்பெற்றது. அன்று அதை நரம்பின் காயம் என்று கருதியவர்களும் இருந்தார்கள், கோழைத்தனம் என்று ஏசியவர்களும் இருந்தார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலை கண்டபின், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் ஒரு நோயாக இடம்பெற்றது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டாலோ, திடுக்கிட்டு எழுவதும் கடுங்கோபமும் தொடர்ந்தாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதற்குப் பயனளிக்கும் சிகிச்சைகள் உண்டு. வீட்டார் ஒலிப்பதிவுக் கருவியுடன் உட்கார்ந்து செய்யக்கூடியது சிகிச்சை ஆகாது.

ஒரு சிறு குறிப்பையும் சேர்க்கிறேன்: முன்னாள் படையினர் பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியிருப்பதெல்லாம் மனத்துயரால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் அருகில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களின் செவிகள் பழுதாகின்றன. காதுக்குள் ஓயாத இரைச்சலே அமெரிக்க முன்னாள் படையினருக்கு ஏற்கப்பட்ட பணிசார் உடற்குறைகளில் மிகுதியானது. கேள்வியே காதில் விழாதவரிடம் மௌனத்துக்குப் பொருள் தேடுகிறவர்கள் உண்டு.

நான் படையில் ஓட்டுநராக இருந்தவன். எதிரியைக் கண்ணால் பார்த்ததில்லை. என்னைப் போன்றவர்கள் சொல்லவும் ஏதாவது இருக்கிறதா?

மற்றவர்கள் சொல்லாமல் விடுவது அனைத்தும் உங்களிடம் இருக்கிறது. இன்றைய படைகளில் ஆயுதத்துடன் எதிரியை நெருங்குபவர்களைவிட, அவர்களுக்கு உணவும் எரிபொருளும் தோட்டாவும் செய்தியும் மருந்தும் கொண்டு சேர்ப்பவர்களே எண்ணிக்கையில் அதிகம். விளக்கை அணைத்துவிட்டு மலைப்பாதையில் லாரியை எப்படி ஓட்டினீர்கள், முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி விடச் சொன்னார்கள், போகும்போது ஏற்றிய சரக்கு என்ன, திரும்பும்போது ஏற்றி வந்தவர்கள் யார் என்பவற்றை எழுதுங்கள். திரும்பி வந்த லாரியில் இருந்தவர்களைப் பற்றி முன்வரிசைக்காரர் எழுத முடியாது.

எங்கள் ஊரில் உள்ள முன்னாள் படையினரின் பேச்சைப் பதிவு செய்ய நானும் நண்பர்களும் விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

முதலில் அவருடைய சேவைச் சான்றிதழையும் பழைய புகைப்படங்களையும் பார்த்து, எந்தப் பிரிவில் எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2000இல் சட்டமியற்றி, தன் நூலகத்தில் முன்னாள் படையினரின் வரலாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் பேட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற தன்னார்வலர்களே. பேட்டி குறைந்தது 30 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த விதியில் நியாயம் உண்டு. முதல் கால் மணி நேரம் பொதுவாக எல்லோரும் பேசும் பேச்சாகவே கழியும். பிரிட்டனின் போர் அருங்காட்சியகம் 1972 முதல் குரல்களைச் சேர்த்துவருகிறது. அங்குள்ள பதிவுகளில் பல, மணிக்கணக்கில் நீள்பவை.

'போர் எப்படி இருந்தது?' என்று கேட்டால் செய்தித்தாள் மொழியில் பதில் வரும். அதற்குப் பதிலாக, படையில் சேர்ந்த முதல் நாள் இரவு எங்கே படுத்தீர்கள், காவல் முறை எத்தனை மணி நேரம், பையில் எதை எந்த வரிசையில் அடுக்குவீர்கள், பக்கத்துக் கட்டிலில் யார், கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். கடிதங்கள் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அவற்றில் இல்லாததற்கும் காரணம் உண்டு என்பதை மறவாதீர்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்கு அச்சடித்த அஞ்சலட்டை ஒன்று தரப்பட்டது. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்பன போன்ற வரிகள் அதில் இருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும். இந்திய வீரர்கள் பிரான்சிலிருந்து எழுதிய கடிதங்களைப் படித்துப் பார்க்கத் தணிக்கை அலுவலகம் ஒன்றே இயங்கியது. அந்தத் தணிக்கையாளர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகளால்தான், எழுதப்படிக்கத் தெரியாத பல சிப்பாய்கள் சொல்லி எழுதுவித்த வார்த்தைகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் நமக்குக் கிடைக்கின்றன.

தனியாகவா, கூட்டாகவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன மார்ஷல், 1943 நவம்பரில் பசிபிக் கடலிலுள்ள மேக்கின் தீவுச் சண்டை ஓய்ந்த உடனே வீரர்களை ஒன்றாக உட்காரவைத்து, ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்பும்படி பேசச் செய்தார். நிகழ்ச்சிகளின் வரிசையைச் சரிபார்க்க அந்த முறை நல்லது. ஆனால் பல ஆண்டுகள் கழிந்தபின், கூட்டத்தில் குரல் ஓங்கியவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும். பதவியில் மூத்தவர் அறையில் இருந்தால் மற்றவர்கள் இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். ஆகவே முதலில் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஓய்வுபெற்றபின் என் அனுபவங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கண்ணெதிரே இறந்த தோழர் ஒருவரைப் பற்றி எழுதும் இடத்தில் நின்றுவிட்டேன். உண்மையை அப்படியே எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் வெளியிடுவதற்கு முன் அவருடைய குடும்பத்தை நேரில் காணுங்கள். வீரர் இறந்ததைத் தெரிவிக்கும் கடிதத்தில், அவர் துன்பமின்றி உடனே உயிர்நீத்தார் என்று எழுதுவது உலகப் போர்க் காலத்து அதிகாரிகளிடையே ஏறக்குறைய வழக்கமாகவே இருந்தது. அது பல சமயம் உண்மையன்று, கருணையால் எழுதப்பட்டது. உங்கள் தோழரின் வீட்டாரும் அப்படி ஒரு வரியைப் பல ஆண்டுகளாக நம்பி வாழ்ந்திருக்கலாம். அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை முதலில் கேட்டறியுங்கள். முழுவதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் உண்டு. வேண்டாம் என்று கையமர்த்துகிறவர்களும் உண்டு. ஒரே வீட்டில் மனைவி ஒரு விதமாகவும் மகன் வேறு விதமாகவும் இருக்கக்கூடும். அவர்கள் வேண்டாம் என்றால், முழு விவரத்தை உங்கள் கையெழுத்துப் படியில் வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் படியில் அவர் எந்த நாளில் எந்த இடத்தில் இறந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பணியிடங்கள், பிரிவுகளின் நகர்வு போன்றவற்றை வெளியிடுவதற்கு உங்கள் படையின் விதிகள் முன் அனுமதி கோருகின்றனவா என்பதையும் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன்பே எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.